மருந்தில்லாத நோய்க்கு டாக்டர் எதற்கு?

போகாத ஊருக்கு வழி கேட்பானேன் என்பார்கள். தீராத நோய்க்கு டாக்டரைத் தேடுவானேன் என்று கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான். பணத்தையும் உடம்பையும் செலவழித்து அலுத்துப் போனவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆகையால், 'அறியாமை' என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய ஒரே மகன் அடிக்கடி தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். காரணம் தேடி அவர்கள் மூன்று ஆண்டுகள் அலைந்தார்கள். எலும்பு வைத்தியர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார். வேறொருவர் ஈரலில் கோளாறு என்றார். எண்ணெய் போட்டு உருவினார்கள். குலதெய்வத்துக்கு முடி இறக்கினார்கள். கடைசியில் வெளியூரில் ஒரு நரம்பியல் நிபுணர் நோயின் பெயரைச் சொன்னார். பரம்பரையாக வரும் தசைச் சிதைவு நோய். அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஊர் திரும்பியதும் வீட்டுப் பெரியவர் கேட்டார்: "குணமாகாது என்று சொல்ல ஒரு டாக்டரா? இதற்கா இத்தனை ரயில் செலவு?"

அன்று அந்த வீட்டில் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பதில் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லுமுன் நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

குழந்தை பிறக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. நடை சற்றுத் தாமதமாக வரும். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது இவன் பின்தங்குவான். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவான். தரையிலிருந்து எழும்போது முதலில் கையை ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, அப்புறம் தொடையைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவனைப் போல எழுந்திருப்பான். லண்டன் டாக்டர் கவர்ஸ் 1879-ல் இதை விளக்கி எழுதினார். இன்றும் இந்த அடையாளம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இன்னொரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை: கெண்டைக்கால் மட்டும் பருத்துத் திரண்டிருக்கும். "பயில்வான் கால்!" என்று பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவாள். வைத்தியம் இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு மூச்சுத் தசைகளும் இருதயமும் தளர்கின்றன.

ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஒரு சிற்றூர் டாக்டர் தம் ஆயுளிலேயே ஒருவரையோ இருவரையோ பார்த்தால் அதிகம். ஆகவே அவர் தவறவிட்டார் என்பதற்காக அவரைத் திட்டுவது நியாயமாகாது. ஈரலைக் குறை சொன்னவரும் மூடர் அல்லர். ரத்தப் பரிசோதனையில் சில நொதிகள் அதிகமாக இருந்தால் ஈரல் நோய் என்று எண்ணுவது வழக்கம். அதே நொதிகள் தசையிலும் உண்டு என்பதை நினைத்துப் பார்க்கிறவருக்குத்தான் வழி திறக்கிறது. அவர் கிரியேட்டின் கைனேஸ் என்ற ஒரு சோதனையை எழுதிக் கொடுப்பார். அதற்குப் பெரிய செலவில்லை. தசை சிதைந்துகொண்டிருந்தால் அந்த அளவு சாதாரண அளவைப்போல் பல பத்து மடங்கு ஏறி நிற்கும். அப்புறம் குழந்தை நரம்பியல் நிபுணரிடம் போகவேண்டும். மரபணுச் சோதனை செய்யவேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்த நோயை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். தூரம் அதிகமில்லை. உள்ளூரில் அந்த முதற் சந்தேகம் பிறப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

நோயாளி டாக்டரைத் தேடி அலைவதை நாம் அறிவோம். இந்த நோயின் சரித்திரத்தில் நோயாளியைத் தேடி அலைந்த டாக்டர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் டுஷென். பிரான்சில் பூலோன் என்ற துறைமுக ஊரில், கடலோடிகளின் குடும்பத்தில் 1806-ல் பிறந்தவர். 1842-ல் பாரிசுக்கு வந்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் அவருக்கு உத்தியோகம் இல்லை. ஆனாலும் நாள்தோறும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், தளர்ந்த கைகால்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஒரு நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் இவரும் பின்னாலேயே போவார். பெரிய டாக்டர்கள் அவருடைய பட்டிக்காட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். உயிரோடிருப்பவரின் தசையில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்க அவர் தனி ஊசி ஒன்றைச் செய்துகொண்டார். 1868-ல் பதின்மூன்று நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவருக்கும் முன்னதாக, 1851-ல், மெர்யன் என்ற ஆங்கில டாக்டர் ஒரே குடும்பத்துச் சகோதரர்களிடம் இந்த நோயைக் கண்டு லண்டன் மருத்துவச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். உலகம் டுஷென் பெயரையே நோய்க்கு வைத்தது.

இந்த இருவரும் ஒரு குழந்தையைக்கூடக் குணப்படுத்தவில்லை. பிறகு எதற்காக நாம் அவர்களை நினைக்கிறோம்? பெரியவரின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

இதற்கு விடையாக இன்னொரு டாக்டரின் கதையைச் சொல்லலாம். ஷ்லெஸ்விக் பிரதேசத்தில் கப்பெல்ன் என்ற ஊரில் தாம்சன் என்பவர் வைத்தியம் செய்துவந்தார். அவருக்கே ஒரு விசித்திரமான பரம்பரைத் தசைக் கோளாறு. இறுகிய தசை உடனே தளராது. மூடிய கை சட்டென்று திறக்காது. எழுந்தவுடன் கால் நகராது. இது டுஷென் சொன்ன நோய் அன்று. உயிருக்கு ஆபத்தில்லாத வேறொன்று. தலைமுறை தலைமுறையாக அவருடைய குடும்பத்தில் பலருக்கு இருந்தது. அவருடைய கடைசி மகன் ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டபோது, வேலைக்கு அஞ்சிப் பாசாங்கு செய்கிறான் என்று அவன்மீது பழி வந்தது. அதுவரை மௌனமாக இருந்த தகப்பனார் 1876-ல் தம் குடும்பத்து நோயை, தம்முடைய நோயையும் சேர்த்து, மருத்துவ உலகத்தின்முன் எழுதி வைத்தார்.

அவர் மகனுக்கு மருந்து கொடுக்கவில்லை. அவன்மேல் விழுந்த பொய்யன் என்ற பட்டத்தை நீக்கினார். அது சிறிய வைத்தியமா?

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். விழுகிற பிள்ளைக்கு நாம் முதலில் கொடுக்கும் பெயர் 'சோம்பேறி'. விளையாட்டு ஆசிரியர் மைதானத்தை இன்னும் ஒரு சுற்று ஓடச் சொல்வார். தகப்பனார், "நேராக நடடா!" என்று அதட்டுவார். தன்னால் முடியாததை முடியவில்லை என்று சொன்ன குற்றத்துக்காகக் குழந்தை தண்டனை பெறுகிறது. நாளடைவில் அதுவும் நம்பிவிடுகிறது, தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று. நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கு அந்தத் தண்டனை நிற்கிறது. அதட்டிய தகப்பன் தோள் கொடுக்கிறான். சர்க்காரும் காது கொடுக்கிறது: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவு நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெயரில்லாத பலவீனத்துக்குச் சலுகையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

பிள்ளையின்மீது இருந்த பழி நீங்கியதும் அது வேறொருவர் தலையில் போய் உட்காரப் பார்க்கிறது. பரம்பரை நோய் என்றதும் எந்த வழிப் பரம்பரை என்று கேட்கிறோம். டுஷென் நோய் பெரும்பாலும் தாய்வழி வருவது. தாயிடமுள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் பழுது இருக்கலாம். மற்றொன்று அவளைக் காக்கிறது. மகனுக்கு ஒன்றுதான் உண்டு. பழுதுபட்டது அவனுக்கு வந்துவிட்டால் காப்பாற்ற மற்றொன்று இல்லை. இதைக் கேட்டவுடன் மாமியார், "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்று ஆரம்பிக்கிறாள். ஆனால் நிபுணர் சொல்வதை முழுக்கக் கேட்கவேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு இந்தப் பழுது தாயிடமிருந்து வருவதில்லை. அவர்களிடத்திலேயே புதிதாகத் தோன்றுகிறது. தாயிடமிருந்தே வந்தாலும், தன் கண்ணின் நிறத்தைப்போல, கேட்காமலே பெற்ற ஒன்றைக் கேட்காமலே கொடுத்தாள். எண்ணமும் செயலும் இல்லாத இடத்தில் குற்றம் ஏது? அரைகுறையாக அறிந்தால் பரம்பரை என்ற சொல் ஒரு வசவாகிவிடும். முழுக்க அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்குவது இதற்காகவும் வேண்டியிருக்கிறது.

இனி வருவது இதைவிடக் கடினமான கேள்வி. பெயர் தெரிந்ததும் அந்த அறிவு யாருக்குச் சொந்தம்?

நான் சொன்ன அந்தக் குடும்பத்தில் பையனுடைய தாய்க்குப் பழுது இருப்பது சோதனையில் தெரிந்தது. அவளுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை ஒருத்தி உண்டு. அவளுக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "வாயைத் திறக்காதே, கூடி வந்த சம்பந்தம் கலைந்துவிடும்" என்றாள் பாட்டி. பாட்டி கெட்டவள் அல்லள். பேரனுக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொண்டிருக்கிறவள்; இளைய மகளையாவது காப்பாற்ற நினைக்கிறாள். ஆனால் மறைப்பது காப்பதாகுமா? பழுதுள்ள பெண்களுக்கு வெளியே நோய் தெரியாவிட்டாலும் சிலருக்கு இருதயம் பலவீனப்படுவதுண்டு, அவ்வப்போது சோதித்துக்கொள்ளவேண்டும். நாளைக்கு அவளுக்கு ஒரு மகன் பிறந்து விழத் தொடங்கினால், "அக்கா, உனக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்பாள். அப்போது என்ன பதில் சொல்வது?

சொல்லவேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் யாருக்கு முதலில் என்பது முக்கியம். தரகருக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ ஊருக்கோ அல்ல, அந்தப் பெண்ணுக்கு. அவளுடைய ரத்தத்தைப் பற்றிய செய்தி அவளிடம்தான் முதலில் சேரவேண்டும். சோதித்துப் பார்ப்பதா, வேண்டாமா, மணக்கப் போகிறவனிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பிறகு அவள் எண்ணித் துணியவேண்டிய காரியம்.

அந்தத் தாய் தங்கையிடம் சொன்னாள். தங்கை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கே போய் ரத்தம் கொடுக்கணும், அக்கா?" என்று கேட்டாளாம். முடிவு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அது என் சொத்து அல்ல.

குணமில்லை என்பதால் செய்ய ஒன்றுமில்லை என்றும் எண்ணிவிடக்கூடாது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால்தான் தசை சிதைகிறது என்பது 1987-ல் தெரிந்தது. ஸ்டீராய்டு மருந்து பிள்ளையின் நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தருகிறது. இருதயத்துக்கு உரிய காலத்தில் மருந்தும் இரவில் மூச்சுக்கு யந்திர உதவியும் கொடுத்தால், முன்பு இருபதைத் தாண்டாத பிள்ளைகள் இன்று முப்பதையும் தாண்டி வாழ்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஒருமுறை செலுத்த முப்பத்திரண்டு லட்சம் டாலர் விலை. அதைப் பெற்றவர்களில் நடை இழந்த இரு சிறுவர்கள் 2025-ல் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். நம் நாட்டின் அரிய நோய்க் கொள்கை 2021-ல் வந்தது. அதன்கீழ்ச் சர்க்கார் தரும் உதவிக்கு உச்சவரம்பு ஐம்பது லட்சம் ரூபாய். அந்த விலைக்கும் இந்த உதவிக்கும் உள்ள இடைவெளி கணக்குத் தெரிந்தவர்களைத் தூங்கவிடாது.

இந்த இடைவெளியில்தான் ஆசை வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி, ரகசிய லேகியம், மூன்று மாதத்தில் நடக்கவைக்கும் எண்ணெய்! நிலத்தை விற்றுக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் உண்டு. உண்மையான நிபுணருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காண ஒரு வழி சொல்லலாம். தம்மால் எது முடியாது என்பதை நிபுணர் முதலிலேயே சொல்லிவிடுவார். சொன்ன பிறகும், "ஆறு மாதம் கழித்துக் குழந்தையைக் கொண்டுவாருங்கள்" என்பார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கத்தான் அத்தனை தூரம் போகவேண்டும்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணுகிறார்: நோயுற்றவன், தீர்க்கிறவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவன். அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். நான்கில் ஒன்று இன்னும் நம் கைக்கு வரவில்லை, உண்மை. அதற்காக மற்ற மூன்று பேரும் கலைந்து போய்விடலாமா? நோயுற்றவன் போக முடியாது. அது அவன் உடம்பு. தாய் போகமாட்டாள். அந்த இருவரோடு மூன்றாவது ஆளாக, விஷயம் அறிந்த ஒருவர் வந்து உட்காரவேண்டும். மருந்து ஒருநாள் வரும்போது வருகிறது. அதுவரையில் அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது.