இரண்டாவது பெயர்

பக்கவாத்தியம் என்பது பின்னால் ஓடுவதல்ல. மற்றவரின் மூச்சு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அறிந்து, அங்கே தன் விரலை நிறுத்துவது. திறமையைக் காட்டத் தெரிந்தவருக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். அதை அடக்கவும் தெரிந்தவருக்குத்தான் அடுத்த அழைப்பு வரும்.

இலங்கையில் பிறந்த பியானோக் கலைஞர் ரொஹான் டி சில்வா, வயலின் மேதை இட்ஷாக் பெர்ல்மனுடன் உலக மேடைகளில் பல்லாண்டுகளாக வாசித்து வருபவர். 1990இல் மொஸ்கோவில் நடந்த சைக்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான சிறப்புப் பரிசும் பெற்றார். சுவரொட்டியில் அவர் பெயர் இரண்டாவதாகவே இருக்கும். அதைக் குறையென்று நினைப்பவர்கள் இசையைக் கேட்கவில்லை, சுவரொட்டியை வாசித்திருக்கிறார்கள்.

இறக்காமத்துப் பக்கம் பொல்லடி என்னும் கம்பாட்டம் பார்த்தவர்களுக்கு, பெயர் தெரியாமல் தாங்கி நிற்கும் இந்தத் திறமை புதிதல்ல. ஒரு கம்பு பிந்தினால் முழு ஆட்டமும் குலையும். பிந்தாத கம்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை; ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியார் மட்டும் அறிவார்.

அடுத்த முறை விழா மேடைக்குக் கைதட்டும்போது, பக்கத்தில் இருந்து வாசித்தவரின் பெயரையும் கேட்டு வையுங்கள்.