ஐந்தாம் நிலை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை சொல்லும்போது ஐந்தாம் நிலையில் என் மனம் கொஞ்சம் தங்கிவிடும். சீரேனே ஊர் சீமோன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவர் என்று மாற்கு எழுதுகிறார். காவிரிப் பாசனத்துக்காரனுக்கு அந்த ஒரு சொல் போதும். முழங்கால் வரை சேறு காய்ந்த ஒருவர் கண்முன் வந்துவிடுவார். அவராக முன்வரவில்லை. வழியில் பிடித்து நிறுத்தினார்கள், தோளைக் கொடுத்தார். மீட்க வந்தவருடைய பாரத்தைக் கொஞ்ச தூரம் சுமந்தார், அவ்வளவே. அவருடைய பிள்ளைகள் அலெக்சாந்தர், ரூபு என்பதுவரை மாற்கு சொல்கிறார். சிலுவையை இறக்கி வைத்தபின் சீமோன் எங்கே போனார் என்பதைச் சொல்லவில்லை. வயலுக்குத் திரும்பியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. வேளாங்கண்ணிக் கரையில் சுனாமியாகக் கடல் ஏறியது, கோயிலுக்குள் நுழையவில்லை. அதைப் புதுமை என்பார்கள். கரையில் நின்ற திருப்பயணிகளும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே என்று நினைத்தால் அந்தச் சொல் எனக்கு வாயில் வருவதில்லை. அலை வடிந்ததும் கரைக்கு இறங்கி, சீமோனைப்போல், பெயர் தெரியாத உடல்களைத் தூக்கி வந்த கைகளை நினைக்கும்போது மட்டும் வருகிறது.

அப்படிப் பிறர் பாரத்துக்குத் தோள் கொடுப்பவர்களில் தீயணைப்புத் துறையினரும் உண்டு; ஏப்ரல் 14-ஐ அவர்கள் நீத்தார் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் தீப்பிடித்த கப்பலை அணைக்கப் போய், அது வெடித்ததில் மாண்டவர்களின் நினைவு. பல ஆண்டுகளில் அது பாஸ்காவை ஒட்டியே வருகிறது. அன்று பூசையில் அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு சேர்க்கலாம்.

2018 நவம்பர் 16, விடியுமுன் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளைபோல் வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. எங்கள் ஊர்ச் சாலையும் மட்டைக்கு அடியில் போய்விட்டது. தீயணைப்பு வண்டி உள்ளே வருவதற்கே மரத்தை அறுத்துக்கொண்டு வரவேண்டும். அறுத்த துண்டுகளைப் பங்கு இளைஞர்கள் உருட்டி ஓரம் தள்ளினார்கள். கூரை போனவர்களுக்குக் கோயில் திறந்தே கிடந்தது; பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பீடத்துக்கு முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று அந்த வாரம் கேள்வி இல்லை. பின்கட்டில் கஞ்சி கொதித்தபடி இருந்தது.

எங்கள் கோயில்பிள்ளைக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. மரம் உருட்ட ஆகாது. தூக்குவாளியில் சுக்குக் காபியோடு அறுப்பு நடக்கும் இடத்துக்குப் போய் நின்றார். பவர் சா பிடித்திருந்த வீரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர், பேச்சில் திருநெல்வேலி வாடை. எந்திரத்தை அணைத்துவிட்டு டம்ளரை வாங்கினார். விடியலிலிருந்து அதிர்ந்த கை, எந்திரம் நின்ற பிறகும் அதிர்ந்துகொண்டே இருந்தது. காபி சட்டையில் தளும்பியது. பெரியவர் டம்ளரைத் திரும்ப வாங்கி, நன்றாக ஆற்றி, “குடிங்க தம்பி” என்று அவர் வாயருகே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார் அந்தப் பிள்ளை. சிலுவைப் பாதையில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே இருக்குமே, அப்படி ஓர் அமைதி.

“இன்னும் எவ்வளவு தூரங்க பெரியவரே?”

“குருசடி வரைக்கும் நாப்பத்தோரு மரம் எண்ணினேன் தம்பி. அதுக்கு அந்தாண்ட எண்ணலே.”

வீரர் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எந்திரத்தின் கயிற்றை இழுத்தார். பெரியவர் மரத்தூள் விழாமல் தூக்குவாளியை மூடி, அடுத்த மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்.