ஐந்து மைல் யாருடையது?

சிமெண்டைக் குறை, மண்ணால் கட்டு, பக்கத்தில் கிடைப்பதை எடுத்துக்கொள் என்று கட்டடப் பொறியாளர்களில் மனசாட்சியுள்ள சிலர் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்கும்போது எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறுகிறது. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருவது. நமக்கு அந்தக் கணக்குகூட வேண்டாம். 'ராத்திரி பூரா மெத்த அனலக் கக்குது' என்று தொகுப்பு வீட்டிலிருந்து பாயோடு தெருவுக்கு வருகிற சனம் நாம்.

இந்த வழியில் கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர் (1917–2007). கேரளத்தில் எலிப்பொறிக் கட்டு என்று செங்கல்லைக் குத்தலாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். கால்பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. வீட்டுக்கான பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதாக அவர் நினைவுகூர்வதுண்டு. பேக்கரோடு நமக்குச் சண்டையில்லை. அந்த ஐந்து மைலோடுதான் சண்டை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சேரியில் நின்று ஐந்து மைலை அளந்து பாருங்கள். ஏரி மண் ஊருக்கு. பனையும் தென்னையும் பட்டாதாரருக்கு. கூரைக்குக் கரும்புத் தோகை வேண்டுமென்றாலும் ஆண்டையின் கொல்லை வரப்பில் போய் நிற்க வேண்டும். 'தோகை குடுத்தேன்ல, நாளைக்கு வெட்டுக்கு வந்துடு.' கூலி பேச அப்புறம் வாய் ஏது? சிமெண்ட் மூட்டை காசை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுகிறது, சாதி கேட்பதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிழித்துப்போட்ட கிராமமும் இந்த ஐந்து மைலும் வேறுவேறல்ல.

கல்வராயன் மலையில் கதை இன்னும் கசப்பு. மூங்கில் படலில் மண் அப்பி, சாணம் மெழுகி, புல் வேய்ந்து மலையாளிப் பழங்குடிகள் கட்டிய வீட்டுக்கு எந்தப் பொறியாளரும் சான்றிதழ் தரவில்லை. வனச் சட்டம் அந்த மூங்கிலையே சர்க்கார் சொத்தாக்கியது. அதைச் சிறுவனப் பொருள் என்று சொல்லி உரிமை தர 2006 வரை ஆனது. பொருளைப் பறித்துவிட்டு, 'இயற்கையோடு வாழுங்கள்' என்று உபதேசம்!

ஓலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1968 டிசம்பர் 25, வெண்மணியில் 44 பேரோடு எரிந்தது கூரைக் குடிசை. கூரை வீட்டை அழகு என்று எழுதுகிறவன் அதை மறந்துவிட்டு எழுதுகிறான். மெத்தை வீடும் காப்பாற்றிவிடவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கும் கூலிக்கும் போய்ச் சேர்த்த காசில் எழுப்பிய தருமபுரி நத்தம் காலனி வீடுகளை 2012 நவம்பர் 7 அன்று சூறையாடிக் கொளுத்தினார்கள். தலித் கட்டிய சுவர்தான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

வேண்டியது கைக்கு எட்டியும் வேண்டாம் என்பவனுக்குத்தான் எளிமை அறமாகும். எட்டாதவனுக்கு அது பட்டினி. 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லத் திட்டம் தருவது 360 சதுர அடி. அதில் 300 அடிக்குக் கான்கிரீட் கூரை. அந்த முந்நூறில் குறை என்று சொல்ல எந்தப் பொறியாளருக்கு வாய் வரும்? மாடிக்கு மேல் மாடி அடுக்குகிறவனிடம் போய்ச் சொல்லட்டும்.

'அதுக்குள்ள பூமி வெந்துடுமே தோழர்' என்று கேட்கிறார்கள். வேகும். முதலில் வேகிறவர்கள் சூளையில் கல் அறுக்கிறவர்களும் சித்தாளும்தான். அதனால்தான் கேட்கிறோம்: ஏரி மண்ணில் சேரிக்குப் பங்கு, மலையில் மூங்கில் வெட்டினால் வழக்குப் போடாத வனத்துறை, எலிப்பொறிக் கட்டு பழக நம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியோடு பயிற்சி. அதற்குப் பிறகு மண்ணா சிமெண்டா என்பதை வீட்டுக்காரி முடிவு செய்துகொள்வாள்.