எலியின் சாட்சியம்

சென்ற தவணை பத்தாந் தரத்திற் போதைப்பொருளின் கேட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். 'ஐஸ்' என்னும் பெயருடன் நம் துறைமுகத்து ஊர்களிலும் நடமாடும் மெதம்பெற்றமைன் ஒருவனை எங்ஙனம் தன்வயப்படுத்தும் என்பதைக் காட்ட, ஆய்வுகூட எலிகளின் கதையைச் சொன்னேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த எலி என்ன பிழை செய்தது?" என்றாள். வகுப்புச் சிரித்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிற் கோட்டை மான்களுக்கு வாழைப்பழம் நீட்டும் பிள்ளைகளே எலிக்காகச் சிரித்தனர். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை. ஆசிரியர்களாகிய உங்களிடமும் இவ்வினா ஒருநாள் வருமாதலின், என் மனத்திற் பட்டதை எழுதுகின்றேன்.

மூளையைக் கிளர்த்தும் செயற்கை மருந்தொன்று மக்களை அடிமைப்படுத்துமோ என்றறிய விஞ்ஞானிகள் கையாளும் முறை இது. எலியின் கழுத்து நாளத்தில் நுண்ணிய குழாயைப் பொருத்திக் கூட்டினுள் ஒரு நெம்புகோல் வைப்பர். எலி அதனை அழுத்துந்தோறும் மருந்து சிறிதளவு குருதியிற் சேரும். பின்னர், ஒருமுறை மருந்து பெறுதற்கு மேன்மேலும் பல அழுத்தங்கள் வேண்டுமாறு செய்து, எவ்வெண்ணிக்கையில் எலி முயற்சியைக் கைவிடுகிறது எனக் குறிப்பர். அவ்வெண் உயர உயர, மருந்தின் பிடியும் வலிது. வேறொரு முறையில், அறிந்த போதை உடலில் உள்ளபோது ஒரு கோலையும் உப்புநீர் மட்டும் உள்ளபோது மற்றொரு கோலையும் அழுத்தப் பழக்கிய எலிக்குப் புதிய மருந்தைக் கொடுப்பர். 'இது அதனைப் போன்றது' என்று எலியே சாட்சி சொல்லும். பொசார்த், வைஸ் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், தடையின்றிக் கொக்கெயின் பெற்ற எலிகளுள் 100க்கு 90 வீதமானவை 30 நாளுள் இறந்தன. ஹெரோயின் பெற்றவற்றுள் இறந்தவை 36 வீதம்.

இங்கேதான் முடிச்சு. எலி நம்மைப் போன்றதன்று எனின், அதன் சாட்சியம் பயனற்றது. போன்றது எனின், அதன் வேட்கையும் தவிப்பும் நம்முடையவற்றிற்கு உறவானவை. அவற்றை வேண்டுமென்றே மூட்டுதற்கு நமக்கு உரிமை ஏது? கொல்லாமை பேசும் நாம் உயிர் போக்குதலை மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். இல்லாத பற்றை ஓருயிருக்கு ஊட்டி, அது உணவையும் மறந்து கோலையே அழுத்தச் செய்தல் அதனினுஞ் சிறிய தீங்கென்று, பற்றே கட்டு எனக் கற்பிக்கும் நாம் சொல்ல முடியாது.

ஆயினும் விஞ்ஞானத்தைப் பழித்தல் எளிது. நானும் மிஷன் பள்ளியில் தவளையை அறுத்துக் கற்றவனே. சோதியாத மருந்து கடைக்கு வந்தால், சோதனை நம் பிள்ளைகளிடம் நடக்கும். அம்பெற்றமைன் அவ்வாறே வந்தது. 1930களில் 'பென்செட்ரின்' என்ற பெயரில் மூக்கடைப்புக்கு விற்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரிற் படைவீரர் விழித்திருக்க வழங்கப்பட்டது. அதன் கேடு முழுமையாக உணரப்பட்டது பின்னரே. ஆதலின், மருந்தாக வரவிருக்கும் புதுப்பொருளை, இயன்றவரை குறைந்த உயிர்களைக்கொண்டு சோதித்தலை நான் மறுக்கத் துணியேன்.

தெருவில் விற்கும் போதைக்கு இவ்வாதம் பொருந்துமா? மெபெட்ரோனைப் பிரித்தானியா 2010 ஏப்ரலிலே தடைசெய்தது. எலிகள் அதனைத் தாமே செலுத்திக்கொள்ளும் எனக் காட்டிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. சட்டம் எலிக்காகக் காத்திருக்கவில்லை. நம் நாட்டிலும் 2022இல் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் மெதம்பெற்றமைனுக்குக் கடுந்தண்டனை விதிக்குமாறு திருத்தப்பட்டபோது, கண்முன் கெட்ட மனிதரே போதிய சாட்சியாய் இருந்தனர். வெளிப்பட்ட தீங்கை மீண்டும் மெய்ப்பிக்க எலியைக் கூண்டில் ஏற்றுதல் தகாது. அடிமைப்பட்டாரை மீட்கும் மருந்து காண எலி வேண்டுமே என்பார் உளர். அவ்வாதம் வலிது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

அடுத்த கிழமை அம்மாணவியிடம், எலி ஒரு பிழையும் செய்யவில்லை என்றேன். இப்போதும் அப்பாடத்தில் எலிகளின் கதை உண்டு. 90 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதுமுன், அவை எவ்வாறு இறந்தன என்பதையும் சொல்கின்றேன். பாடம் பத்து நிமிடம் நீள்கிறது.