யார் கொடுத்த விலை?

ஒரு சின்னக் கேள்வி. உங்களை ஒருவர் விலை கொடுத்து வாங்குகிறார். இவ்வளவு விலை, சம்மதமா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 'இத்தனை கொட்டிக் கொடுத்தேனே, ஏமாந்துட்டேனே' என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். ஊரே உங்களைப் பார்த்துக் கை நீட்டுகிறது. சொல்லுங்கள், ஏமாற்றியது யார்?

மாட்டுச் சந்தை சமாசாரம் இல்லை இது. அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை விடுங்கள். வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் அங்கே 'டிராஃப்ட்' என்று ஒரு திருவிழா நடக்கிறது. என்.எஃப்.எல். என்ற லீகில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஏழு சுற்றுகளில் வரிசையாகப் பொறுக்கி எடுப்பார்கள். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். யார் பணப்பையைப் பெரிதாகத் திறக்கிறார்கள் என்ற போட்டியே இங்கே கிடையாது. போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. தோற்றவனுக்கு முதல் பந்தியில் இலை! முதலாளிகளின் தேசத்தில் இப்படி ஒரு சோஷலிசம் 1936-லிருந்து நடக்கிறது. அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார் என்பது தனி வேடிக்கை.

அணிகளுக்கு இருக்கும் இந்தச் சமத்துவம் பையனுக்கு இல்லை. எந்த ஊர் கூப்பிடுகிறதோ அங்கே போயாக வேண்டும். மாட்டேன் என்று அடம்பிடித்து ஜெயித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பளமும் எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு இதுதான் நடைமுறை.

இன்னொரு விஷயம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ருசி. டிராஃப்டில் எடுக்கும் உரிமையையே அணிகள் ஒன்றுக்கொன்று விற்கலாம், வாங்கலாம். அடுத்த வருடத்து உரிமை, அதற்கடுத்த வருடத்து உரிமை எல்லாம் போஸ்ட் டேட்டட் செக் மாதிரி கை மாறும்.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மார்க் போட ஆரம்பித்துவிடுவார்கள். பத்திரிகை, டி.வி., ரசிகர்கள், எல்லோரும்தான். இந்த அணிக்கு 'ஏ', அந்த அணிக்கு 'சி மைனஸ்'. எடுக்கப்பட்ட பையன் இன்னும் அந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கியிருக்கமாட்டான். பரீட்சைக்கு முன்பே ரிசல்ட்!

சித்தி மகன் ஒருவன் சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அந்த ஊர் மைதானம்தான் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்குச் சொந்த மைதானம். போன புதிதில் 'என்ன விளையாட்டுண்ணா இது, பத்து செகண்ட் ஆடுறான், அரை நிமிஷம் நிக்கிறான்' என்று அலுத்துக்கொண்டவன், இப்போது சிவப்பு ஜெர்ஸி போடாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதில்லை. ஒவ்வொரு டிராஃப்ட் முடிந்ததும் அவன் மதிப்பீடு எனக்கு வந்துவிடும்.

2021-ல் அவன் அணி பெரிய காரியம் செய்தது. 12-ஆவது இடத்தில் இருந்தவர்கள் 3-ஆவது இடத்துக்கு முன்னேறுவதற்காக, மூன்று வருடங்களின் முதல் சுற்று உரிமைகளையும் கூடவே ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் மயாமி அணிக்குக் கொடுத்தார்கள். எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற பையனை. வயது 20. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்திப் போகிறவர். கல்லூரியில் முதல் ஆளாக இறங்கி ஆடியது மொத்தம் 17 ஆட்டங்கள். 2019 சீசனில் 28 டச்டவுன் எறிந்து, ஒரு பந்தைக்கூட எதிரி கையில் கொடுக்காதவர். 2020-ல் கொரோனா புண்ணியத்தில் ஆடக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம்.

தம்பி நூற்றுக்குத் தொண்ணூறு போட்டான்.

பிறகு நடந்தது இது. முதல் வருடம் லான்ஸ் பெரும்பாலும் பெஞ்சில். இரண்டாம் வருடம், 2022 செப்டம்பரில், இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்தது. அந்த அணிக்காக அவர் முதல் ஆளாக இறங்கியது மொத்தமே நான்கு ஆட்டங்கள். 2023 ஆகஸ்டில் டாலஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரு நான்காம் சுற்று உரிமை. அன்றைக்குத் தம்பி போன் பண்ணினான். "புஸ்வாணம்ணா. எங்களை ஏமாத்திட்டான்."

"என்னடா ஏமாத்தினான்?"

"மூணு ஃபர்ஸ்ட் ரவுண்ட் வேஸ்ட் ஆயிடுச்சே!"

"அந்த மூணையும் அவனா கேட்டான்? மயாமிக்குப் போச்சு. அவன் பாக்கெட்டுக்கா போச்சு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த அம்பை விட்டான். "அவனுக்கென்னண்ணா, நாலு வருஷத்துக்கு 3.4 கோடி டாலர். நானும் நீயும் ஏழு ஜென்மத்துக்குப் பார்க்கமாட்டோம். அவனுக்காக ஏன் பரிதாபப்படணும்?"

நியாயமான கேள்வி. பரிதாபம் வேண்டாம், நானும் படவில்லை. ஆனால், சம்பளம் வேறு, வாங்கிய விலை வேறு. சம்பளம் அவர் செய்யும் வேலைக்கு. பயிற்சிக்கு வந்தார், களத்தில் இறங்கினார், காலை முறித்துக்கொண்டார். விலை என்பது, இந்தப் பையன் இன்ன மாதிரி வருவான் என்று கோட் போட்ட நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் அணி நிர்வாகம் என்ன செய்கிறது? நஷ்டத்தில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறது. ரசிகன்தான் பேரேட்டை மூடுவதில்லை. நஷ்டத்தை அப்படியே எடுத்துப் பையன் பேரில் பற்று எழுதிவிடுகிறான்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1999 ஏப்ரலில் நியூயார்க்கில் டிராஃப்ட். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகர்கள் சுமார் முப்பது பேர் ஒரு ரேடியோ நிலையம் ஏற்பாடு செய்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர். நகர மேயரே அவரைத்தான் எடுக்க வேண்டும் என்று குரல் கொடுத்திருந்தார். அணி எடுத்ததோ, டோனவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை. கோட்டும் சூட்டுமாக, வாழ்க்கையின் பெரிய நாள் என்று மேடையேறிய இளைஞரைப் பார்த்து 'பூ...' என்று கூச்சல். டி.வி. கேமரா அத்தனையையும் காட்டியது.

அந்த மெக்நாப்தான் 11 சீசன் அங்கே ஆடினார். ஐந்து முறை அணியை கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார், ஒருமுறை சூப்பர் பவுலுக்கும். 2013-ல் அவருடைய 5-ஆம் எண் ஜெர்ஸிக்கு அணி ஓய்வு கொடுத்தது. இனி அங்கே வேறு யாரும் அந்த எண்ணைப் போடமுடியாது.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும், 'பார்த்தீங்களா, கூச்சல் போட்டவங்க மூஞ்சியில கரி' என்று முடிப்பார்கள். எனக்கு அங்கேதான் உதைக்கிறது. மெக்நாப் சோபிக்காமல் போயிருந்தால் அந்தக் கூச்சல் சரியாகிவிடுமா? அன்று மாலை அவர் செய்திருந்த குற்றம் என்ன? மேடையேறினார், அவ்வளவுதான். பின்னால் வந்த வெற்றியை வைத்துக் கூச்சலைத் தப்பு என்பவரும், பின்னால் வந்த தோல்வியை வைத்து லான்ஸை ஏமாற்றுக்காரர் என்பவரும் ஒரே தராசில்தான் நிறுக்கிறார்கள்.

'நாங்க கத்தினது அந்தப் பையனைப் பார்த்து இல்லை, நிர்வாகத்தைப் பார்த்து' என்றும் சொல்லலாம். இருக்கலாம். ஆனால், மேடையில் நின்றது நிர்வாகம் இல்லையே.

இனி கதையின் மறுபாதி. 2022-ல் ஃபார்ட்டி நைனர்ஸுக்கு முதல் சுற்றே கிடையாது; அதைத்தான் லான்ஸுக்காகக் கொடுத்தாயிற்றே. மொத்தம் ஒன்பது பேரை எடுத்தார்கள். ஒன்பதாமவர் பிராக் பர்டி, அந்த வருட டிராஃப்டின் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். இந்தக் கடைசி ஆளுக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டம். தமிழில் சொன்னால், ஒப்புக்குச் சப்பாணி. 1976-லிருந்து கலிஃபோர்னியாவில் நியூபோர்ட் பீச் என்ற ஊரில் இவருக்கு விருந்து வைத்து ஒரு கோப்பையும் கொடுக்கிறார்கள். கோப்பையில் இருப்பது பந்தைக் கைநழுவ விடும் ஆட்டக்காரரின் உருவம். அன்பான கிண்டல்தான், ஆனாலும் கிண்டல்தான்.

செப்டம்பரில் லான்ஸுக்குக் கணுக்கால். டிசம்பரில் அடுத்தவருக்குப் பாதம். வேறு வழியில்லாமல் பர்டியை இறக்கினார்கள். முழு ஆட்டமாகக் கிடைத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் ஜெயித்தார். 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பவுலுக்கே கூட்டிப்போனார். கூடுதல் நேரத்தில் 25-22 என்று கன்சாஸ் சிட்டியிடம் தோற்றது வேறு விஷயம்.

தம்பி இப்போது தத்துவம் பேசினான். "திறமை இருந்தா மேல வந்தே தீரும்ணா."

இல்லைடா. அவன் அணியே அவரை எட்டு முறை தாண்டிப்போனது. எட்டுப் பேரை எடுத்த பிறகு, மிச்சமிருந்த கடைசிச் சீட்டில் அவர் பேரை எழுதினார்கள். திறமை தெரிந்து எடுத்திருந்தால் எட்டு முறை ரிஸ்க் எடுப்பார்களா? முன்னால் இருந்த இரண்டு பேரின் எலும்பு முறியாமல் இருந்திருந்தால், பர்டி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்போதும் அவர் இதே பர்டிதான், இதே கைதான். அப்படி உட்கார்ந்தே போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு யார் மார்க் போடுவது?

இது என் வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தாலரும் கேட் மாஸி என்பவரும் இந்த டிராஃப்டை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில், முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக வருவதற்கான வாய்ப்பு, பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கிட்டத்தட்ட பூவா தலையா. கோடிக்கணக்கில் செலவழித்து ஆள் தேடுகிற நிபுணர்களுக்கே இந்த மார்க் என்றால், ஜெர்ஸி போட்ட நமக்கு?

விலைச்சீட்டு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இன்னொரு ஆராய்ச்சி, இது கூடைப்பந்தில். பேரி ஸ்டாவ், ஹா ஹோவாங் இருவரும் 1995-ல் வெளியிட்டது. ஆட்டத்தின் தரத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவருக்குத்தான் களத்தில் அதிக நேரம் கிடைத்திருக்கிறது. கொடுத்த காசு வீண் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? அந்த வகையில் லான்ஸை இரண்டே வருடத்தில் விட்ட அணி நிர்வாகத்துக்கு நெஞ்சழுத்தம் அதிகம்தான். எனக்கு அதில் ஒரு மரியாதைகூட உண்டு.

"அப்போ, காசு கொடுத்து டிக்கெட் வாங்குறவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்று கோபப்பட்டான் தம்பி. யார் சொன்னது? கேட்கட்டும். மூன்று முதல் சுற்றைக் கொடுத்தது சரியா, 17 ஆட்டம் ஆடிய பையனுக்கு இவ்வளவு அவசரமா என்று மேனேஜரைக் கேட்கட்டும். எடுத்தவருக்கு மார்க் போடுவது ரசிகனின் உரிமை. எடுக்கப்பட்டவருக்கு, அவர் ஆடியதற்கு மட்டும்தான் போட முடியும். நான்கு ஆட்டத்துக்கு எவ்வளவோ, அவ்வளவு.

லான்ஸ் 2025-ல் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராகச் சேர்ந்தார். பர்டிக்கு அதே 2025 மே மாதம் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். அன்றிலிருந்து அவர் எறியும் ஒவ்வொரு பந்தையும் தம்பி டாலரில் வகுத்துப் பார்க்கிறான். ஒன்று தவறினால் எனக்கு போன் வருகிறது, அங்கே பகல், இங்கே நடுராத்திரி. இந்த முறை நான் அவனைத் தடுப்பதில்லை. இந்தப் பேரத்தில் பர்டியின் ஆளும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விலை பேசியிருக்கிறார், பர்டியே கையெழுத்தும் போட்டிருக்கிறார். கேட்கட்டும்.