ஊர் வழக்கமா, என் பாவமா?



ஏதேன் தோட்டத்திலே கடவுள் கேட்டபோது ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். அன்று நீண்ட சுட்டுவிரல் இன்னும் மடங்கவில்லை.

மகனுக்குச் சம்பந்தம் பேசுகையில் காணி, வீடு, நகை என்று சீதனம் கேட்கிறோம். பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டு நொந்தால், "ஊர் வழக்கம், நான் என்ன செய்ய?" என்கிறோம். ஆனால் ஊர் வந்து பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை, நாம்தான் செய்யவேண்டும்.

பிதாக்களின் குற்றத்தைத் தாங்கள் சுமப்பதாக முறையிட்ட இஸ்ராயேலருக்கு, அவனவன் பாவத்துக்கு அவனவனே பொறுப்பாளி என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி (அதிகாரம் 18) எடுத்துரைத்தார். சமூகப் பாவம் என்பதும் தனிமனிதர் பலரின் பாவங்கள் திரண்டதன் விளைவே எனப் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர், ஒப்புரவு பற்றி 1984இல் வெளியிட்ட ஊக்கவுரையில் விளக்கினார்.

நாத்தான் கடிந்தபோது தாவீது அரசன் சாட்டுச் சொல்லவில்லை. தன் பாவத்தைத் தன்னுடையதென்று ஏற்றான், மன்னிப்புப் பெற்றான். ஊரின் பாவமென்று தள்ளிவிட்டதற்கு நாம் எப்படி மன்னிப்புக் கேட்பது? என்னுடையதென்று ஏற்றால்தான் கேட்கலாம்.

மனஸ்தாபம் மட்டும் போதாது, பரிகாரமும் வேண்டும். வருத்தி வாங்கியதைச் சக்கேயுவைப் போலத் திருப்பிக் கொடுப்போம். இனிச் சம்பந்தம் பேசும் வீட்டில், "சீதனம் வேண்டாம்" என்று முதலில் நாமே சொல்வோம்.