மீள்வெளியீடும் அறமும்: ஐரோப்பியக் ‘குளிர் அலை’ இசை பற்றிய ஒரு நோக்கு

மறக்கப்பட்ட கலைப்படைப்பொன்றைத் தேடியெடுத்து மீண்டும் மக்கள் முன் வைப்பது நற்பணி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. படைத்தவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மறைந்திருப்பின் இக்கருத்துக்கு மறுப்பேதும் எழுவதில்லை. ஆனால், படைத்தவர் உயிரோடிருக்கிறார். இருபது வயதிலே தாம் செய்ததொன்றை அவரே மறந்துவிட்டார், அல்லது மறக்க விரும்பினார். அந்நிலையில் வேறொருவர் அதனைக் கண்டெடுத்து, ‘இது அரியது’ எனக் கூறி உலகின் முன் நிறுத்துவாராயின் அச்செயல் எத்தகையது? மறதி ஓர் இழப்பு மட்டுந்தானா? அன்றி, அது ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளக்கூடிய உடைமையாகவும் இருக்கலாமா? இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவின் ‘குளிர் அலை’ இசைக்குக் கிடைத்துவரும் மறுவாழ்வு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

‘குளிர் அலை’ என்னும் தொடர் 1977 நவம்பரில், இலண்டனிலிருந்து வெளிவந்த ‘சவுண்ட்ஸ்’ என்ற இசை வார இதழின் அட்டையிலே, ‘கிராஃப்ட்வேர்க்’ என்ற ஜேர்மானியக் குழுவினரின் படத்தோடு இடம்பெற்றது. காலப்போக்கில் அப்பெயர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தோன்றிய ஒருவகை இசைக்கே உரியதாக நிலைத்துவிட்டது. இயந்திரத் தாளம், ஒற்றை விரலால் வாசித்துவிடக்கூடிய சிறு மெட்டு, உணர்ச்சியை வெளிக்காட்ட மறுக்கும் தட்டையான குரல் என்பன அதன் அடையாளங்கள். இக்குளிர்மையை வெறும் பாவனை எனத் தள்ளிவிடுவோர் உளர். அது பொருத்தமன்று. வடபிரான்சிலுள்ள டெனேன் என்னும் தொழில் நகரை நோக்குக. 1978 டிசெம்பரில் ‘யூசினோர்’ நிறுவனம் அந்நகரின் உருக்காலையிலே ஏறத்தாழ 5,000 பேரின் வேலையை இல்லாதொழிக்கப்போவதாக அறிவித்தது. 1979 மார்ச்சில் தொழிலாளருக்கும் பொலிசாருக்கும் இடையே அங்கு கடும் மோதல்கள் நிகழ்ந்தன. லோம்ப்ரே சகோதரர்களின் ‘ட்ரிசோமி 21’ என்ற குழு அந்நகரிலேதான், அதனையடுத்த ஆண்டுகளிலேதான் தோன்றிற்று. அவர்கள் பாடியவை போராட்டப் பாடல்கள் அல்ல. உலையையும் பாடலையும் நேர்கோட்டால் இணைத்துவிடுவதும் தவறாகும். மத்தியதரைக் கடலின் வெயில் விழும் மார்செய் நகரிலும் இதே குளிர் இசை பிறந்ததன்றோ! ஆயினும், எதிர்காலத்தைப் பற்றி எவரும் எதனையும் வாக்களிக்காத ஒரு தலைமுறையின் குரல் அதிலே கேட்கின்றது என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விசையைச் சாத்தியமாக்கியவை மலிந்துவந்த கருவிகள். யப்பானிய ‘கோர்க்’ நிறுவனம் 1978இல் வெளியிட்ட எம். எஸ். 20 என்ற சிந்தசைசர் ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். 1979இல் ‘டாஸ்காம்’ விற்பனைக்கு விட்ட ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்ற கருவி, சாதாரண கசெற் நாடாவிலே நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய உதவிற்று. இவற்றோடு ஒரு படுக்கையறை போதும்; ஒலிப்பதிவுக்கூடமோ கொம்பனியோ தேவையில்லை. பெல்ஜியத்தில் அலன் நெஃப் என்பவர் 1981 முதல் ‘இன்சேன் மியூசிக்’ என்ற பெயரிலே கசெற்றுகளை வெளியிட்டுவந்தார். பல நாட்டினரின் பதிவுகள் அஞ்சலிலே அவரிடம் வந்து சேர்ந்தன. தொகுப்புகளாகி அஞ்சலிலேயே திரும்பிச் சென்றன. அதே நாட்டில் டேர்க் ஐவன்ஸ் நடத்திய ‘அப்சொலூட் பொடி கொன்ட்ரோல்’ குழுவின் தொடக்ககாலப் பதிவுகளும் பெரும்பாலும் கசெற்றுகளாகவே உலவின.

ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இவ்விசை சிலரை மட்டுமே சென்றடைந்தமைக்கு விற்பனைத் தோல்வி ஒன்றே காரணமன்று. விற்காத நூலும் நண்பருக்கெழுதிய கடிதமும் ஒன்றல்ல. இரண்டையும் படித்தவர் தொகை ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் முன்னது அடைய விரும்பியதை அடையவில்லை, பின்னது அடைந்துவிட்டது. குளிர் அலைக் கசெற்றுகளில் இருவகையும் இருந்தன. மீள்வெளியீட்டாளர் பெரும்பாலும் எல்லாவற்றையும் முதல்வகையாகவே கொள்கின்றனர். ‘இழந்த முத்து’, ‘புதைந்த செல்வம்’ என விளம்பரத்தில் எழுதும்போது, கடிதமாக இருந்ததும் நூலாக மாற்றப்பட்டுவிடுகின்றது.

1980களின் நடுப்பகுதியிலே இக்குழுக்கள் பல கலைந்துபோயின. ஜேர்மனியில் ‘வினைல்-ஒன்-டிமாண்ட்’ 2003இலும், நியூயோர்க்கில் வெரோனிக்கா வசிக்காவின் ‘மினிமல் வேவ்’ 2005இலும், சான் பிரான்சிஸ்கோவில் ஜோஷ் சியோனின் ‘டார்க் என்ட்ரீஸ்’ 2009இலும் தொடங்கப்பட்டன. பாரிசிலே ‘போர்ன் பாட்’ 2006இல் வெளியிட்ட ‘பிப்’ என்ற தொகுப்பு 1979 முதல் 1985 வரையான பிரெஞ்சுப் பதிவுகளைப் புதிய தலைமுறைக்கு அறிமுகஞ் செய்தது. இவற்றை நடத்துவோர் பெரும் வணிகர் அல்லர். பழைய கசெற்றின் உறையிலிருந்த முகவரியைப் பற்றிக்கொண்டு, வீடு மாறியவரை, தொழில் மாறியவரைத் தேடி அலைந்து, அனுமதி பெற்று வெளியிட்டவர்கள் அவர்களுள் உளர். அதுவல்லாமல், கைக்குக் கிடைத்த தட்டை அப்படியே பிரதிசெய்து கள்ளத்தனமாக விற்றவர்களும் உளர். இரு சாராரின் தட்டிலும் ஒலிப்பது ஒரே பாட்டு. கேட்பவனின் செவிக்கு வேறுபாடு தோன்றாது. அறத்தின் நோக்கிலோ இவை முற்றிலும் வேறான செயல்கள்.

இத்தகைய விவாதங்களிலே காஃப்காவின் பெயர் தவறாது இழுக்கப்படும். 1924இல் மறைந்த காஃப்கா, தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு நண்பர் மக்ஸ் ப்ரொட்டிடம் கேட்டிருந்தார். ப்ரொட் அதனை மீறி 1925இலேயே ‘விசாரணை’ நாவலை வெளியிட்டார். உலகம் ப்ரொட்டை மன்னித்துவிட்டது, நன்றியுங் கூறிற்று. ஆகவே படைப்பின் பெருமை படைத்தவரின் விருப்பத்தைவிடப் பெரிது என்பர். இந்த ஒப்புமை இங்கு பொருந்தாது. காஃப்கா ‘எரித்துவிடு’ எனத் தெளிவாகச் சொன்னார். அவரை மீண்டும் கேட்க வழியில்லாதிருந்தது. குளிர் அலைக் கலைஞர் எதுவுமே சொல்லவில்லை. இசையை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள், அவ்வளவே. மௌனம் மறுப்புமன்று, சம்மதமுமன்று. அதைவிட முக்கியமாக, அவர்களிற் பலரைக் கேட்க வழி இருக்கின்றது. கேட்கக்கூடியவரைக் கேட்காதிருப்பதற்கு ப்ரொட்டின் செயல் சாட்சியாகாது.

கேட்டால் மறுமொழி கூறுபவர் யார் என்பதே இனி எழும் சிக்கல். இலண்டனைச் சேர்ந்த அண்டி ஒப்பன்ஹைமர், மார்ட்டின் லொயிட் ஆகிய இருவரும் ‘ஒப்பன்ஹைமர் அனலிசிஸ்’ என்ற பெயரில் 1982இல் ‘நியூ மெக்சிகோ’ என்ற கசெற்றை வெளியிட்டனர். அணுகுண்டின் அச்சமே அதன் மையப்பொருள். பின்னர் ஒப்பன்ஹைமர் அணுவாயுதங்கள், வெடிபொருட்கள் பற்றி எழுதும் நிபுணராகவே ஆகிவிட்டார். ‘மினிமல் வேவ்’ நிறுவனம் 2005இல் வெளியிட்ட முதலாவது தட்டு இவ்விருவருடையதே. மார்செய் நகரில் ‘மார்ட்டின் டூப்போன்’ குழுவை நடத்திய அலன் செகீரோ காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரானார். இருபது வயதில் இசைத்தவரும் ஐம்பது வயதில் ஒப்பந்தத்திற் கையொப்பமிடுபவரும் பெயரால் ஒருவரே. ஆனால் முன்னவருக்காகப் பின்னவர் எவ்வளவு தூரம் பேச முடியும்? இளைஞன் அஞ்சாது செய்ததை முதியவர் வெட்கங்கொண்டு தடுக்கலாம்; இளைஞன் விற்க மறுத்ததை முதியவர் விற்றுவிடலாம். எனினும், இதிலிருந்து ‘ஆகவே எவரையுங் கேட்கவேண்டியதில்லை’ என்ற முடிவுக்கு வருவது தர்க்கப் பிழையாகும். அந்த இளைஞனை நினைவில் வைத்திருப்பவர் அம்முதியவர் ஒருவரே. இருப்பவருள் அவனுக்கு மிக அண்மையில் நிற்பவரும் அவரே. 2023இல் ‘மார்ட்டின் டூப்போன்’ குழு மீண்டுங் கூடிப் பழைய பாடல்களைப் புதிதாக இசைத்து ‘கின்சுகி’ என்ற தொகுப்பை வெளியிட்டது. உடைந்த கலத்தைப் பொன்னால் ஒட்டும் யப்பானியக் கலையின் பெயர் அது. ஒட்டிய தழும்பை மறைக்காமல் காட்டுவது அக்கலையின் இயல்பு.

சட்டம் இவ்விடயத்தில் முற்றாக வாய்மூடி இருக்கவில்லை. பிரான்சின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் படைப்பாளியின் தார்மிக உரிமையை என்றும் அழியாததாக வகுத்தது; வெளியிட்டபின்னருங்கூட, உரிமை பெற்றவருக்கு இழப்பீடு கொடுத்துப் படைப்பை மீளப்பெறும் வழியையும் அது வைத்துள்ளது. இழப்பீடு கொடுக்க இயலாத ஏழைக் கலைஞனுக்கு அவ்வழியால் என்ன பயன் என்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் பாதுகாப்புக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது ஒரு நிபந்தனையை இணைத்தது: 50 ஆண்டுகள் கழிந்தபின் தயாரிப்பாளர் அப்பதிவைப் போதிய அளவில் விற்பனைக்கு வைக்காவிடின், கலைஞர் முன்னறிவித்தல் கொடுத்து, ஓராண்டின் பின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பயன்படுத்தாது பூட்டிவைப்பவன் உரிமையை இழப்பான் என்பதே இதன் பொருள். 1982இல் வெளிவந்த பதிவொன்றிற்கு 2032 முடியும்வரை காத்திருக்கவேண்டும் என்பதுதான் வேடிக்கை!

வாங்குவோர் பக்கத்தையும் நோக்குதல் தகும். இயந்திரத்தாற் பிரதிசெய்யப்படும் காலத்தில் கலைப்படைப்பின் தனித்த ஒளிவட்டம் மங்கிவிடுகின்றது என வோல்ட்டர் பெஞ்சமின் 1936இல் வாதிட்டார். குளிர் அலையின் வரலாறு அதனைத் தலைகீழாக்கியுள்ளது எனலாம். பிரதியெடுப்பதற்கென்றே பிறந்த கசெற், காலஞ் சென்றபின் கிடைத்தற்கரியதாகி, தனிப்பொருளுக்குரிய ஒளிவட்டத்தைப் பெற்றுவிட்டது. மீள்வெளியீடு அதனைக் கலைத்து எல்லோர் கையிலும் இசையைக் கொடுத்திருக்கவேண்டும். ஆனால் பல மீள்வெளியீடுகள் சில நூறு பிரதிகளோடு, இலக்கமிட்டு, நிறமூட்டிய தட்டிலே வருகின்றன. விற்றுத் தீர்ந்ததும் இரட்டை விலைக்குக் கைமாறுகின்றன. அருமையை ஒழிக்க வந்தவர்கள் அருமையையே மீண்டும் உற்பத்திசெய்கின்றனர். சிறு நிறுவனத்துக்கு அதிக பிரதிகள் அச்சிட முதல் இல்லை என்ற நியாயம் உண்டு, அது ஏற்கத்தக்கது. திட்டமிட்டுக் குறைவாக அச்சிடுவதற்கு அந்நியாயம் உதவாது. ஓர் வெற்றுக் கசெற்றின் விலைக்குக் கைமாறிய இசையை, அதே வேலையற்ற நகரத்தின் இன்றைய இளைஞன் வாங்கமுடியாத பண்டமாக்குவது அவ்விசையை மீட்பதாகாது.

எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்கப்படாதவர்களும் உளர். தொகுப்புக் கசெற்றொன்றில் ஒரேயொரு பாட்டு, புனைபெயர், அதற்குமேல் எதுவுமில்லை. இத்தகைய அநாதைப் படைப்புகள் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ஒரு விதியை இயற்றிற்று. நூலகங்கள், கல்வி நிலையங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள் முதலியன, உண்மையாகத் தேடியும் உரியவரைக் காணாவிடின், அப்படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யலாம். வணிக நிறுவனங்களுக்கு இச்சலுகை இல்லை. தேடியதற்கான பதிவை வைத்திருத்தல் வேண்டும். என்றாவது ஒருநாள் உரியவர் வந்து ‘அது என்னுடையது’ எனக் கூறின், அநாதை என்ற நிலை அன்றே முடிவுறும். அதுவரை பயன்படுத்தியதற்கு அவருக்கு நியாயமான ஈடும் வழங்கப்படல் வேண்டும்.